துறந்தவரும் பெறாதவரும்

மாஸ்கோ நகரின் நடுவிலே, கிரெம்ளின் கோட்டைக்கு எதிர்க்கரையிலே, ஆற்றையொட்டி மலைபோல் எழுந்து நிற்கிறது ஒரு கட்டிடம். அரசு மாளிகை என்று அதற்குப் பெயர். 1931-ஆம் ஆண்டு அதிலே குடியேறினர், சோவியத் அமைச்சர்களும் படைத்தலைவர்களும் கட்சியின் மூத்த தோழர்களும். ஐந்நூறுக்கு மேற்பட்ட இல்லங்கள். வெந்நீர்க் குழாய், மின்தூக்கி, தொலைபேசி, சலவையகம், கடை, படக்காட்சிக் கொட்டகை அத்தனையும் உண்டு. போரிஸ் இயோஃபான் என்னும் கட்டிடக் கலைஞர் சுவரையும் கூரையையும் மட்டுமா வரைந்தார்? உள்ளே கிடக்க வேண்டிய மேசை நாற்காலிகளையும் அவரே வரைந்து கொடுத்தார். கனத்த ஓக் மரத்தாலான அந்தப் பொருள்களிலே எண் குறிக்கப்பட்டிருந்தது. பொருள் அரசினுடையது, பயன்படுத்துவோர் தோழர். பட்டியலிலே கையொப்பமிட்டுப் பெற வேண்டும். போகும்போது எண் குறையாமல் ஒப்படைக்க வேண்டும்.

தனியுடைமையைத் தகர்த்தெறிந்தோம் என்று முழங்கிய கட்சியின் தலைவர்கள், நாற்காலிகூடத் தமதில்லை என்று வாழ்ந்தனரே என வியக்கத் தோன்றுகிறதல்லவா? முதன்முதலாக இதைப் படித்தபோது நாமும் வியந்தோம். பிறகுதான் வேறொன்று நம் கண்ணிலே பட்டது. அந்த இல்லங்களிலே எண் குறிக்கப்படாத பொருள்களும் இருந்தன. ஒருவர் வீட்டிலே சுவர் முழுதும் புத்தகம். இன்னொருவர் வீட்டிலே பட்டு விளக்குமூடி, பின்னல் திரைச்சீலை. ஒரே கட்சி, ஒரே கொள்கை, ஒரே வகை நாற்காலி. ஆயினும் அவரவர் தாமே விரும்பித் தேடிக்கொண்ட பொருளிலே இத்துணை வேற்றுமை ஏன்? சம்பளப் பட்டியல் இதற்கு விடை கூறாது. அவரவர் பிறந்த வீட்டு வாயிலிலே போய் நின்றுதான் கேட்டறிய வேண்டும்.

புரட்சி வென்ற சில கிழமைகளுக்குள், 1917-ஆம் ஆண்டின் இறுதியிலே, ஓர் ஆணை பிறந்தது. மக்கள் ஆணையர்கள், அதாவது அமைச்சர்கள், மாதம் 500 ரூபிளுக்கு மேல் சம்பளம் பெறலாகாது. சம்பாதிக்க இயலாத குடும்பத்தார் இருந்தால் ஆளுக்கு 100 ரூபிள் கூடுதல். 1871-இலே பாரிஸ் கம்யூன், தன் அலுவலர்க்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கு என்று வரம்பு கட்டியதே, அந்த வழியிலே வந்த ஆணை இது. 1918 மார்ச்சு முதல் லெனினுடைய சம்பளத்தை 500-லிருந்து 800 ஆக்கிவிட்டார் அலுவலகப் பொறுப்பாளர் போஞ்ச்-புருயேவிச். மகிழ்ந்தாரா லெனின்? மே 23-ஆம் நாள், சட்டத்தை மீறிய செயல் இது என்று அவருக்கு எழுத்து மூலமே கடுங்கண்டனம் அனுப்பினார்! பின்னர், கட்சி உறுப்பினர் எப்பதவியிலிருந்தாலும் இவ்வளவுக்கு மேல் பெறலாகாது என்னும் 'கட்சி உச்சவரம்பு' நடைமுறைக்கு வந்தது. ஆலையை நடத்தும் கட்சித் தோழரைவிட, அவருக்குக் கீழே பணிபுரியும் கட்சி சாராப் பொறியாளர் அதிகம் சம்பாதித்தார். உலக வரலாற்றிலே ஆளுங்கட்சிகள் பலவற்றைப் பார்த்துவிட்டோம். ஆட்சிக்கு வந்தவுடன் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட கட்சி அரிது. இதைக் குறைத்துக் கூற நமக்கு எண்ணமில்லை.

ஆனால், கையைக் கட்டிக்கொண்டவர்கள் யாவர்? லெனினின் தந்தை சிம்பிர்ஸ்க் மாநிலப் பள்ளிகளின் இயக்குநர். பரம்பரைப் பிரபுப் பட்டத்திற்குரிய பதவி வரை உயர்ந்தவர். வீட்டிலே பியானோ, வேனிற்காலத்திலே தாய்வழிப் பண்ணை வீடு. ஜெர்ஜின்ஸ்கி போலந்து நாட்டுச் சிறுபிரபுக் குலம். அயல்துறை ஆணையர் சிச்செரின், பண்ணைகளுக்கு வாரிசாகப் பிறந்து அதை உதறி வந்தவர். டிராட்ஸ்கி பெரும் பண்ணைக்காரரின் மகன். கொலந்தாய் அம்மையார் படைத்தளபதியின் மகள். பட்டு எப்படி இருக்கும் என்று இவர்களுக்குத் தெரியும்; வெள்ளிக் கரண்டியின் கனம் தெரியும்; பணியாள் கதவு திறக்க நடந்து போகும் சுகம் தெரியும். தெரிந்து, வெறுத்து, வீசியெறிந்து வந்தவர்கள். துறவு இது. (கொலந்தாய் மட்டும் கடைசிவரை நல்லாடையை விடவில்லை, அதற்காக வசையும் கேட்டார். பிறப்பு மனிதனைச் செதுக்கும், அச்சு வார்ப்பதில்லை.)

வகுப்பிலே இவ்வரலாற்றை நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. "ஐயா, விட்டுவிட அவர்களிடம் பொருள் இருந்தது. என்னிடம் விட என்ன இருக்கிறது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் 1920-களிலே இலட்சக்கணக்கான உருசியத் தொழிலாளர் கேட்டனர். வாய்விட்டுக் கேட்கவில்லை; கடைக்குப் போய் ஒரு பூப்போட்ட மேசைவிரிப்பை வாங்கி வந்து கேட்டனர்.

வந்ததே கோபம் தூயவர்களுக்கு! 1921-இலேயே, புரட்சிக்காரர் வீட்டிலே கூண்டுப்பறவையும் சமோவார் தேநீரும் புகுந்துவிட்டன என்று கவிஞர் மாயகோவ்ஸ்கி எள்ளி நகையாடினார். 1928-இலே இளங்கம்யூனிஸ்டுகளின் நாளேடான 'கொம்சமோல்ஸ்காயா பிராவ்தா' போரே தொடுத்தது, வீட்டுக் குப்பையை வீசியெறி என்று. எதைக் குப்பை என்றனர்? சுவரிலே ஒட்டிய அழகுப் படம், பீங்கான் பொம்மை, அலமாரித் தலையிலே வரிசையாக நிற்கும் ஏழு யானைப் பொம்மை. யானை ஏழும் நின்றால் அதிர்ஷ்டம் வரும் என்பது அங்கே நம்பிக்கை. அந்த மூடநம்பிக்கையைச் சாடியது சரி. ஆனால் சாடப்பட்டது நம்பிக்கை மட்டுமா? கழுத்துப்பட்டை கட்டிய இளைஞன், முகத்துக்கு மாவு பூசிய மில்காரப் பெண், பின்னல் துணி வைத்த மனைவி, எல்லோரும் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றப்பட்டனர். வகுப்பு எதிரியின் வாடை வீசுகிறதாம் அவர்களிடம்!

வேடிக்கையைப் பாருங்கள், தோழர்களே. 1923 இலையுதிர் காலத்திலே டிராட்ஸ்கி காட்டுவாத்து வேட்டைக்குப் போனார். சதுப்பிலே நனைந்து காய்ச்சலிலே படுத்தார். கட்சியின் பெரும்போர் தொடங்கிய நேரத்திலே படுக்கையிலே கிடந்தார். அவரே எழுதிய தன்வரலாற்றிலே இருக்கிறது. லெனினும் வேட்டை விரும்பியே. வேட்டை, பண்ணையார் வீட்டுப் பொழுதுபோக்கு. ஆனால் அதை யாரும் முதலாளித்துவ வாடை என்று சொல்லவில்லை! சுவர் நிறைய புத்தகம், குழந்தைக்குப் பியானோப் பாடம், ஜெர்மன் மொழி கற்பிக்க ஆசிரியை, இவையும் நுகர்வுக் கணக்கிலே ஏறவில்லை. 'பண்பாடு' என்ற கணக்கிலே ஏறின. பிறந்தது முதல் உடனிருக்கும் பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை; மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுவோர் உண்டல்லவா, அதுபோல. புதிதாக வாங்கிய யானைப் பொம்மைதான் உறுத்துகிறது.

இன்னும் ஒருபடி மேலே போயினர் சிலர். வீட்டிலே அடுப்பே வேண்டாம், பொதுச் சமையற்கூடமே போதும், குழந்தைகள் பொது இல்லத்திலே வளரட்டும் என்று திட்டம் தீட்டினர். பெண்ணை அடுப்படிச் சிறையிலிருந்து மீட்கும் நோக்கம் அதிலே இருந்தது. அது உயர்ந்த நோக்கம். நாம் அதன் பக்கமே. ஆனால், ஒரே அறையிலே அடுப்பின் மேலும் கீழுமாகத் தாத்தா முதல் கைக்குழந்தை வரை உறங்கி, மாரிக்காலத்திலே கன்றுக்குட்டியையும் உள்ளே கட்டி வளர்ந்த குடியானவன் மகனுக்கு, ஆலைக் கொட்டடியிலே ஒரே பலகைப் படுக்கையை முறைவைத்து மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொண்டவனுக்கு, பொதுவாழ்க்கை புதுமையன்று. அது அவனுக்கு நிரம்பத் தெரியும்! அவன் கனவு கண்டது ஒரு கதவை. தான் சாத்தினால் சாத்திக்கொள்ளும் கதவை. கதவு கிடைக்கும் வரை அந்த இடத்தை நிரப்பியதுதான் திரைச்சீலை. அதைக் குப்பை என்றால் அவன் எப்படி ஏற்பான்? 1930 மே மாதத்திலே கட்சியின் மத்தியக் குழுவே, ஒரே தாண்டலிலே வாழ்க்கையை மாற்ற முயல்வோரைக் கண்டித்துத் தீர்மானம் போட நேர்ந்தது.

அதற்குள் கட்சியும் பழைய கட்சியாக இல்லை. 1917 தொடக்கத்திலே அதன் உறுப்பினர், கட்சியே பின்னாளிலே கூறிய கணக்குப்படி, 24,000 பேர். லெனின் மறைந்த 1924-இலே, அவர் பெயரால் நடந்த சேர்ப்பிலே மட்டும் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட தொழிலாளர் புகுந்தனர். 1933 தொடக்கத்திலே, பயிற்சி நிலையினரையும் சேர்த்தால், 35 இலட்சம்! முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின்போது பட்டறையிலிருந்தும் வயலிலிருந்தும் தோழர்களை இழுத்து வந்து கல்லூரியிலே உட்கார்த்தினர். கலப்பை பிடித்த தந்தைக்குப் பொறியாளர் மகன். நம் நாட்டிலே தலைமுறை தலைமுறையாகக் கேட்டும் கிடைக்காத ஒன்று அங்கே பத்தாண்டுகளிலே நடந்தது. இதை வாழ்த்தாமல் இருக்க முடியுமா?

அவர்களுள் ஒருவர் நிக்கிதா குருஷேவ். 1894-இலே கலினோவ்கா சிற்றூரிலே ஏழைக் குடியானவர் வீட்டிலே பிறந்தார். சிறுவயதிலே மாடு மேய்த்தார். சுரங்க ஊரிலே பொருத்துநர் ஆனார். பதவி இழந்த முதுமைக் காலத்திலே தம் நினைவுகளைச் சொல்லி வைத்தார். 1914-இலே மணம் முடித்தபோது, முதலாளியின் காலத்திலே, தொழிலாளியான தமக்கு அறைகள் பிரிந்த நல்ல வீடு கிடைத்தது; பின்னாளிலே, தம் ஆட்சியிலே, தொழிலாளிக்கு அவ்வளவும் கிடைக்கவில்லையே என்பது தம்மை வருத்தியது என்றார். அறைக் கணக்கை அரை நூற்றாண்டு நினைவிலே வைத்திருக்கிறார்! பிரபு மகன் எவனாவது தான் வாழ்ந்த வீட்டின் அறைகளை எண்ணி வைத்திருப்பானா? பெறாதவன்தான் எண்ணுவான்.

1931 ஜூனிலே, எல்லோருக்கும் சமக்கூலி என்பதைத் தாக்கிப் பேசினார் ஸ்டாலின். அவர் செருப்புத் தைப்பவரின் மகன். 1932-இலே கட்சி உச்சவரம்பு ஓசைப்படாமல் ஒழிக்கப்பட்டது. 1935 ஆகஸ்டிலே ஸ்தகானவ் என்னும் சுரங்கத் தொழிலாளி ஒரே முறைப்பணியிலே 102 டன் நிலக்கரி வெட்டினார் என்று முரசறைந்தனர். அவரைப்போன்ற சாதனையாளர்களுக்கு வீடும், இசைப்பெட்டியும், மிதிவண்டியும் பரிசு. தச்சர் மகனான மிக்கோயன் உணவுத்தொழில் ஆணையர். 1936-இலே அமெரிக்கா சென்று ஆலைகளைப் பார்த்துவந்து, ஐஸ்கிரீமைப் பெருந்தொழில் ஆக்கினார். அதே ஆண்டு சோவியத் ஷாம்பேன் மதுவுக்கும் ஆணை பிறந்தது. தையற்காரர் மகளாய்ப் பிறந்து சிகரெட் ஆலையிலே வேலை பார்த்த ஜெம்சூஷினா அம்மையார், மொலோட்டோவின் மனைவி, வாசனைப் பொருள் ஆலைகளின் தலைவியானார். 1936 மே மாதம் கிரெம்ளினிலே ஆலை நிர்வாகிகளின் மனைவியர் மாநாடு. தொழிலாளர் விடுதிகளிலே நாங்கள் திரைச்சீலை கட்டினோம், வெள்ளை விரிப்பு விரித்தோம், பூந்தொட்டி வைத்தோம் என்று பெருமிதத்தோடு அறிவித்தனர். 1928-இலே குப்பை, 1936-இலே பண்பாடு! சீலை அதே சீலைதான்.

இதைப் பார்த்த பழைய தலைமுறையார் சிலர் ஒரு முடிவுக்கு வந்தனர். கீழிருந்து வந்தவர்கள் ஆசைக்கு அடிமையாயினர், புரட்சி கெட்டது என்பதே அது. சோஸ்னோவ்ஸ்கி என்ற எழுத்தாளர், அலுவலர் கூட்டத்தைக் கெடுத்தவை மோட்டார் வண்டியும் மேல்வகுப்பிலிருந்து வந்த மனைவியரும் என்று ஏளனம் செய்தார். டிராட்ஸ்கி 1936-இலே எழுதி முடித்த நூலிலே அதை எடுத்தாண்டார். கேட்பதற்கு நயமாக இருக்கிறது. நமக்கு உடன்பாடில்லை.

ஏன்? 1920 செப்டம்பரிலே, பட்டறைத் தோழர்கள் கல்லூரியிலிருந்து பட்டத்தோடு வெளிவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, கட்சி மாநாட்டிலே 'மேலோர், கீழோர்' என்ற பிளவு பற்றிப் புகைச்சல் எழுந்துவிட்டது. கிரெம்ளினிலே வாழ்வோருக்குத் தனி உணவும் தனி வசதியும் ஏன் என்று தொண்டர்கள் கேட்டனர். ஆராயக் குழு வைக்க வேண்டியதாயிற்று. அப்போது மேலே அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் படித்த குடும்பத்துப் பிள்ளைகளே. கள்ளமற்ற எளியவர்கள்தாம், காசு சேர்த்தவர்கள் அல்லர். ஆனால் தனிச்சாப்பாட்டறை, தனிமருத்துவமனை, தனி ஓய்வில்லம் என்ற ஏற்பாடு அவர்கள் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. தலைவர் உழைக்கிறார், அவர் உடல்நலம் நாட்டின் சொத்து என்பதே காரணம் காட்டப்பட்ட முறை. அந்தக் கதவை அமைத்தவர் துறந்தவர்; அதன் வழியே பின்னர் நுழைந்தவர் பெறாதவர்.

பிறப்பு, மனிதன் எதை விரும்புவான் என்பதைத் தீர்மானிக்கலாம். அதை எவ்வழியிலே பெறுவான் என்பதைத் தீர்மானித்தது அட்டை. ஆம், பங்கீட்டு அட்டை! 1929 முதல் 1934 முடிய நகரங்களிலே ரொட்டிக்கு அட்டை. அட்டையிலும் தரம், தரத்துக்கேற்ற மூடிய கடைகள். தெருவிலே போவோர் உள்ளே போக முடியாது. பதவிக்குரிய சீட்டு வேண்டும். உச்சவரம்பு இருந்த காலத்திலும், இல்லாத காலத்திலும், தோழரின் உண்மை வருமானம் சம்பளத்திலே இல்லை. அந்தச் சீட்டிலே இருந்தது. 500 ரூபிள் கணக்கை மட்டும் படித்துவிட்டு எளிமையைப் போற்றுவோர் இதை மறக்கின்றனர்.

மறுபுறம்? 1932, 1933. உக்ரைனிலும் கசாக்கியப் புல்வெளியிலும் வோல்கா ஓரத்திலும் பஞ்சம். தானியத்தை அரசு வாரிக்கொண்டு போயிற்று. மாண்டோர் பல இலட்சக்கணக்கினர். ஊரை விட்டு ஓடாதபடி உள்நாட்டுக் கடவுச்சீட்டு. தார்க்சின் என்னும் அரசுக் கடைகளிலே பொன்னும் வெள்ளியும் கொடுத்தால் மாவு கிடைக்கும். குடியானவப் பெண்கள் மண மோதிரத்தையும் கழுத்துச் சிலுவையையும் கழற்றி வைத்து மாவு வாங்கிப் போயினர். தப்பிப் பிழைத்த சிற்றூர்ப் பெண்கள் பலர் எங்கே வந்து சேர்ந்தனர், தெரியுமா? நாம் தொடக்கத்திலே கண்ட அந்த ஆற்றங்கரை மாளிகைக்கு, வேலைக்காரிகளாக. புத்தகம் நிறைந்த வீட்டிலும் வேலைக்காரி உண்டு; பட்டு விளக்குமூடி வீட்டிலும் உண்டு. பழைய போல்ஷ்விக்கின் எளிய உணவைச் சமைத்தவளும் அவளே; புதிய தோழரின் பின்னல் திரையைத் துவைத்தவளும் அவளே. அடுக்களையிலோ கூடத்திலோ கிடந்தது அவள் படுக்கை. பெண்ணடிமை ஒழிய அடுப்பை ஒழிப்போம் என்று பேசிய வீடுகளிலே அடுப்பு ஒழியவில்லை. அடுப்புக்கு வேறொரு பெண் கிடைத்தாள்.

இவளுடைய ஆசை என்னவாயிருந்தது? எந்தக் கட்சிக் கணக்கெடுப்பிலும் இல்லை. உறுப்பினர் படிவத்திலே தந்தை என்ன தொழில், பாட்டன் என்ன தொழில் என்றெல்லாம் கேட்ட கட்சி, வீட்டிலே வேலைக்காரி உண்டா என்பதை அவ்வளவு வற்புறுத்திக் கேட்கவில்லை போலும்.

1937-இலும் 1938-இலும் அந்த மாளிகையிலே இரவு தோறும் மின்தூக்கி ஏறிற்று, இறங்கிற்று. எண்ணூறு பேரளவில் சிறைப்பட்டனர் அல்லது துரத்தப்பட்டனர். முந்நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிரபு மகன், பட்டறை மகன் என்ற பேதம் அதிலே பார்க்கப்படவில்லை. கதவிலே முத்திரை வைக்கப்பட்டது, புத்தகங்கள் போயின, யானைப் பொம்மைகள் போயின. எண் குறித்த நாற்காலி மட்டும் இடம் பெயரவில்லை. அடுத்தவர் வந்தார், பட்டியலிலே கையொப்பமிட்டார், அமர்ந்தார்.

அடுத்து வந்தவர் பெரும்பாலும் பெறாதவர் குலமே. கொசிகின், கடைசல் தொழிலாளி மகன். குரோமிக்கோ, குடியானவர் மகன். பிரெஷ்னேவ், காமென்ஸ்கோயே இரும்பாலைத் தொழிலாளியின் மகன். 1964 முதல் 1982 வரை பிரெஷ்னேவ் கட்சித் தலைமையிலே இருந்தார். அயல்நாட்டு மோட்டார் வண்டி என்றால் அவருக்கு உயிர். வந்த பரிசுகளே ஒரு கொட்டகையை நிரப்பின. 1991-இலே மறைந்துவிட்ட அந்நாட்டிலே, அவரைப்பற்றி மக்கள் தம் சமையலறையிலே கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு.

ஊரிலிருந்து வந்த தாயை அழைத்துக்கொண்டு போய் அவர் எல்லாவற்றையும் காட்டினாராம். இதோ நகர வீடு, இதோ வேனில் மாளிகை, இதோ வண்டிகள், இதோ கடற்கரை ஓய்வில்லம். கிழவி ஒன்றும் பேசவில்லையாம். "என்னம்மா, மகிழ்ச்சிதானே?" என்று மகன் கேட்க, அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாளாம்: "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணே. ஆனால், அந்தச் சிவப்புக்காரர்கள் மறுபடி வந்துவிட்டால் என்னடா செய்வாய்?"